பசுமட்கலமும் பின்கட்டுச் சூளையும்



அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் என்னிடம் வந்தார். "சார், வீட்டுலயே மண்பாண்டம் சுடுற சூளை வெச்சிருக்கீங்களாமே. என் மகளுக்கும் அதுல ரொம்ப ஆசை. சின்னதா ஒன்னு வாங்கிக் கொடுக்கலாம்னு பார்க்கிறோம். ஆபத்து ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டார். கையில் தேநீர்க் குவளையுடன் நின்றபடி பதில் சொல்லக்கூடிய கேள்வியன்று அது. "எழுதுகிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். இதில் என் தவறு ஒன்றும் வருகிறது. இத்தனை ஆண்டுகளாக அதை எழுதத் தயங்கியே வந்திருக்கிறேன்.

தொடக்கம் ஒரு குறளில். 2011ஆம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழும் ஓவியக்கலையும் கற்பித்து வந்தேன். வினைத்தூய்மை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் பசுமட்கலம் என்றொரு சொல்லைக் கையாண்டிருப்பார். தீய வழியில் சேர்த்த பொருளைக் காக்க முயல்வது, சுடாத பச்சை மண் கலத்தில் நீரை ஊற்றி வைப்பதைப் போன்றது என்பது கருத்து. பொருளைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "ஊத்தினா என்ன ஆகும் ஆசிரியர்?" என்றாள். "கரைந்துவிடும்" என்றேன். "நெஜமாவா?" என்றாள். பாடநூலில் இருப்பதையெல்லாம் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று விரும்புகிறவன் நான். அடுத்த வாரம், கலைப் பாடத்துக்கு வாங்கிய களிமண்ணில் ஒரு கிண்ணம் செய்து, நன்றாகக் காயவைத்து, வகுப்பில் என் மேசைமீது வைத்து நீரை ஊற்றினேன். சில நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடிப்பகுதி சத்தமில்லாமல் விலகியது. சேறும் நீரும் என் வருகைப் பதிவேட்டின்மீது பரவின.

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அதே மாணவி பின்புறத்து அலமாரியைப் பார்த்தாள். அங்கே அவர்கள் செய்த ஆமைகளும் வீடுகளும் பிள்ளையார்களும் வரிசையாக இருந்தன. எல்லாமே பச்சை மண். பல்லி ஓடினாலே வால் உடையும் பொருள்கள். "அப்ப நாங்க செஞ்சதும் அப்படித்தானா?" என்றாள். ஆம் என்பதைத் தவிர வேறு விடையில்லை.

சுடுவது என்றால் என்ன என்பதை அன்றே சொல்லிக்கொடுத்தேன். காய்ந்த களிமண்ணிலும் நீர் இருக்கிறது. கையில் ஒட்டும் ஈரம் வேறு. மண்ணின் மூலக்கூற்றோடு பிணைந்திருக்கும் நீர் வேறு. முன்னது 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆவியாகிவிடும். பின்னது சுமார் 350 முதல் 600 பாகை வரை போகும்போதுதான் விலகும். அது விலகிய பிறகு நீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அந்தப் பொருள் மீண்டும் சேறாகாது. நாம் புழங்கும் பூச்சட்டி, பானை போன்றவற்றைப் பொதுவாக 1,000 பாகைக்கு அருகில் சுடுகிறார்கள். வீட்டு அடுப்பில் ரொட்டி சுடும் பெட்டியின் வெப்பம் 250 பாகையோடு நின்றுவிடும். ஆகவே அதில் வைத்தால் மண் காயுமே தவிரச் சுடப்படாது. இணையத்தில் எவரோ எழுதியதைப் படித்துவிட்டு அப்படி முயன்ற பெற்றோர் இருவரை எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டின் இறுதி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் சென்றேன். கம்போங் குவாந்தான் என்றதும் எல்லாருக்கும் ஆற்றங்கரை மின்மினிகள்தாம் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தில் தமிழ்க் குயவர்கள் தலைமுறைகளாகப் பொங்கல் பானையும் சட்டியும் அகல்விளக்கும் செய்து வருவது பலருக்குத் தெரியாது. அங்கே ஒரு மூதாட்டி காய்ந்த பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றை இந்தப் பக்கம் வைத்தார். சிலவற்றை அந்தப் பக்கம். என் அம்மா சும்மா இருப்பாரா? "என்னம்மா பார்க்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். அவர் ஒரு பானையை அப்படியே அம்மாவின் கன்னத்தில் ஒட்டினார்.

"குளிருதா?"

"ஆமா, குளிருது."

"அப்ப உள்ள தண்ணி இருக்கு. இன்னைக்குச் சூளைக்குப் போகாது."

அவ்வளவுதான் அவருடைய ஈரமானி. உள்ளே ஈரம் இருந்தால் அது மேற்பரப்பில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதனால் பொருள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்திருக்கும். கையைவிடக் கன்னம் அதை நன்றாக உணரும். நான் இதை வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

விறகுச் சூளை என்பது என் போன்றோருக்கு எட்டாத ஒன்று. சிங்கப்பூரின் ஜூரோங்கில் 1940இல் கட்டப்பட்ட தௌ குவாங் டிராகன் சூளையைப் பார்த்திருக்கிறேன். மலைச்சரிவில் படுத்திருக்கும் நாகத்தைப் போல் 27 மீட்டர் நீளம் கொண்டது. சுடும் நாளில் இரவு பகலாக ஆள் மாற்றி ஆள் விறகு போட வேண்டும். கோலகங்சார் பக்கத்துச் சாயோங்கில் லாபு சாயோங் எனும் கறுப்புக் கூசாக்களைச் சுட்ட சூட்டோடு உமியில் இட்டுக் கறுப்பேற்றுவார்கள். அதுவும் அழகுதான். ஆனால் வரிசை வீட்டில் வாழ்கிறவன் அண்டை வீட்டார் துணி காயவைக்கும் கொடிக்குப் பக்கத்தில் இவற்றையெல்லாம் செய்ய முடியுமா? 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும்; பக்கத்து வீட்டு அண்ணன் முகத்தில் நான் விழிக்க வேண்டும். மின்சூளைதான் வழி.

2012இல் ஜொகூரில் ஒரு மண்பாண்டக் கூடத்தை மூடப்போவதாகக் கேள்விப்பட்டு, அங்கிருந்த பழைய மின்சூளை ஒன்றை 2,800 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மேலே மூடி திறக்கும் எண்கோண வடிவம், உள்ளே சுமார் 60 லிட்டர் இடம், 5.5 கிலோவாட். நான்கு பேர் சேர்ந்து சரக்குந்திலிருந்து இறக்கினோம். (பழைய சூளை வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து கம்பிச்சுருள்களையும் செங்கல்லையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மிகப் பழையனவற்றில் கல்நார் இருக்கக்கூடும். வெள்ளைப் பஞ்சு போன்ற பீங்கான் இழை உதிர்ந்துகொண்டிருந்தாலும் வாங்காமல் இருப்பதே நன்று. அந்தத் துகள் நுரையீரலுக்கு ஆகாது.)

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று துளைச் செருகி 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 3 கிலோவாட்டுக்கும் சற்றுக் குறைவு. என் சூளைக்கு 24 ஆம்பியர் தேவை. குளியலறை நீர்ச்சூடேற்றிக்கே தனிக் கம்பி இழுக்கிறோம். அதுவும் பத்து நிமிடம்தான் ஓடுகிறது. சூளையோ பத்து மணி நேரம் ஓடும். கம்பி சூடேறுவதற்கு அது போதும் போதும் என்ற நேரம். எனவே எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தேன். சூளையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, ரொட்டி ஓவனா?" என்று மலாயில் கேட்டார். மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து சூளைக்கென்றே 6 சதுர மில்லிமீட்டர் கம்பி, 32 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., சூளையிலிருந்து இரண்டு எட்டு தள்ளிச் சுவரில் ஓர் ஐசொலேட்டர் விசை என்று செய்து கொடுத்தார். அந்த விசை சூளைக்கு நேர் மேலே இருக்கக் கூடாது என்பது அவர் சொன்னதுதான். தீப்பற்றினால் தீயைத் தாண்டியா கையை நீட்டுவீர்கள் என்று கேட்டார். எந்த நீட்டிப்புக் கம்பியும் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சூளையைப் பின்கட்டில் வைத்தேன். சிமெண்டுத் தரை. சூளையின் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கு. நான்கு புறமும் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் இடைவெளி. கூரை தகரம். எரிவாயுத் தோம்பை முன்புறத்துக்கு மாற்றினேன். கித்தான், அட்டைப்பெட்டி, பழைய நாளிதழ்க் கட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். தீயணைப்புக் கருவியும் வாங்கி மாட்டினேன். தீயையும் மின்சாரத்தையும் எந்தெந்த வழியில் அஞ்ச வேண்டுமோ அந்தந்த வழியிலெல்லாம் அஞ்சினேன். பின்கட்டை நோக்கித் திறக்கும் ஒரு சன்னல் அம்மாவின் படுக்கையறையில் இருந்தது. அதைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை.

ஓராண்டு நன்றாகவே போயிற்று. சனிக்கிழமை காலையில் மூட்டினால் மாலையில் முடியும். கிண்ணங்கள், விளக்குகள், மாணவர்களின் சிறுசிறு பொருள்கள் எனப் பத்துப் பன்னிரண்டு முறை சுட்டிருப்பேன். பிறகு 2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வந்தது.

பள்ளியில் திறந்த நாள். பெற்றோர்கள் வருவார்கள், கண்காட்சிக்கு ஒரு மேசை எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நான்காம் ஆண்டு மாணவர்கள் முப்பத்தொரு பேரும் ஆளுக்கொரு விலங்கு செய்தார்கள். உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும் என்பதற்காக, நாளிதழைக் கசக்கி உருண்டையாக்கி அதன்மேல் மண்ணை ஒட்டச் செய்தேன். "தாளை எடுக்க வேண்டாம். சூளையில் அதுவே எரிந்துவிடும்" என்று சொன்னவன் நான். சொன்னது பொய்யில்லை. பலரும் கையாளும் முறைதான் அது. ஆனால் தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதையும், முப்பத்தொரு விலங்குகளின் வயிற்றில் எத்தனை தாள் இருக்கிறது என்பதையும் நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் மழை. நம் நாட்டில் மழைக்காலத்தில் களிமண் காய்வது எப்படி இருக்கும் என்பது துணி துவைக்கிறவர்களுக்குத் தெரியும். வெளியே வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சனிக்கிழமை திறந்த நாள். சுட்டபின் ஆறுவதற்கே ஒரு நாள் வேண்டும். ஆகவே வியாழக்கிழமை இரவு மூட்டியே தீர வேண்டும் என்று நாள்காட்டி சொன்னது. அடுக்கும்போது ஒரு யானையை எடுத்தேன். என் கைக்கே குளிர்ச்சி தெரிந்தது. கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் வைக்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு மூட்டினேன். முறையாகச் செய்வதென்றால் மூடியைச் சற்றே திறந்து வைத்து, 80, 90 பாகைக்கு மேல் போகவிடாமல் இரவு முழுதும் உலர்த்த வேண்டும். நான் இரண்டு மணி நேரம் கொடுத்தேன். ஒன்பது மணிக்கு மூடியை இறக்கி வெப்பத்தைக் கூட்டினேன். ஒன்பதரைக்கு மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டின் திறந்த பக்கத்திலிருந்து சாரல் சூளைமீது அடித்தது. மின்சாரமும் நீரும் சேரக் கூடாதல்லவா? கித்தானைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை முழுவதும் அடைத்தேன். என் முன்னெச்சரிக்கையை எண்ணி மனநிறைவு வேறு.

பத்து மணிவாக்கில் உள்ளே "டப்" என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரிகிறது. மண் சுவருக்குள் அகப்பட்ட ஆவிக்கு வெளியேற வழியில்லை என்றால் அது சுவரை உடைத்துக்கொண்டு வரும். எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. போனது போகட்டும், மற்றவையாவது தேறட்டும் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு மேல் பார்வைத் துளை வழியாகப் புகை வந்தது. தாள் எரிகிறது, எதிர்பார்த்ததுதானே என்று ஒரு நாற்காலியைப் போட்டு அங்கேயே அமர்ந்து தேர்வுத்தாள் திருத்தினேன். தலை வலித்தது. திருத்தும் வேலையின் வலி என்று நினைத்தேன்.

நள்ளிரவு கடந்து அம்மா அறையிலிருந்து வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னமோ தலை சுத்துதுய்யா. குமட்டுது" என்றார். பித்தமாக இருக்கும் என்று இஞ்சி தட்டிப் போட்டுச் சுடுநீர் வைத்தேன். தைலம் எடுத்துக் கொடுத்தேன். அம்மா அப்படியே கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த என் மனைவி முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "என்னங்க இது, கீழே இவ்வளவு புகை நாத்தம்? உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் காற்றிலேயே இருந்து பழகிவிட்டேன். மேலே இருந்தவளுக்குத் தலைவலி இல்லை. கீழே இருந்த இரண்டு பேருக்கும் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஐசொலேட்டரை அடைத்தேன். அம்மாவை இருவருமாகத் தூக்கி முன்வாசலுக்குக் கொண்டுவந்து, எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, மகிழுந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தோம்.

அவசரப் பிரிவில் அம்மாவின் விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். 98 என்று காட்டியது. நான் பெருமூச்சு விட்டேன். பணியிலிருந்த இளம் மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டில் என்ன எரித்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். காற்றுப் போதாத இடத்தில் தாளோ மண்ணிலுள்ள மக்கிய பொருளோ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. நாம் முகர்வது புகையைத்தான். அந்த வாயுவை அன்று. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரணக் கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இரத்தத்தை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். இவற்றையெல்லாம் அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். எனக்கும் முகமூடி கொடுத்தார்கள். வெறும் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். உயிர்வளி கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும் என்றார். தாயும் மகனும் முகமூடியோடு எதிரெதிர்க் கட்டிலில் கிடந்தோம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. விடியும் வேளையில் முகமூடியைச் சற்று நகர்த்தி, "அந்த யானையெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டார்.

யானை என்னவாயிற்று என்பதை வெள்ளிக்கிழமை மாலையில் பார்த்தேன். முப்பத்தொன்றில் எட்டு மட்டுமே முழுசாக இருந்தன. அவையும் பாதியில் நின்றுபோன சூட்டில் கறுத்து, நகத்தால் கீறினால் உதிரும் நிலையில் இருந்தன. மற்றவை சில்லு சில்லாகத் தட்டுகளிலும் கம்பிச்சுருள்களின் இடுக்குகளிலும் கிடந்தன.

சனிக்கிழமை என் மேசையில் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அம்மாவின் உடல்நலத்தைத்தான் முதலில் கேட்டார். பிள்ளைகளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. திங்கட்கிழமை உடைந்த துண்டுகளை ஒரு தட்டில் எடுத்துச் சென்று வகுப்பில் வைத்தேன். ஈரம் காயும் முன் சுட்டுவிட்டேன், அதனால் வெடித்தது என்றேன். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு மாணவன் மட்டும் மேசையருகே நின்றான். தட்டில் துதிக்கைத் துண்டு ஒன்று கிடந்தது. அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே, "என் யானைதான் முதல்ல வெடிச்சதா ஆசிரியர்? அது வெடிச்சுத்தான் மத்ததெல்லாம் உடைஞ்சதா?" என்றான். இரண்டு நாளாக அதையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். தன் நண்பர்களின் பொருளையெல்லாம் தான் உடைத்துவிட்டதாக.

"உன் யானையின்மேல் தவறில்லை. அது இன்னும் காயவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வைத்தேன்" என்று சொன்னேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் இப்படிச் சொல்வது சரியா என்று சிலர் கேட்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இன்னொன்னு செய்யலாமா?" என்றான்.

இன்னொன்று செய்தோம். நவம்பரில் ஆண்டு இறுதி விடுமுறை தொடங்கும் முன் செய்து, ஜனவரியில் பள்ளி திறந்த பிறகுதான் சுட்டேன். இடையில் சூளையின் இடமே மாறிவிட்டது. எங்கள் வீடு மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே சிமெண்டுத் தளம் போட்டு, நீண்ட இறவாரத்துடன் தகரக் கூரை வேய்ந்து, இரண்டு பக்கம் நிரந்தரமாகத் திறந்திருக்குமாறு கொட்டகை அமைத்தேன். எந்தப் படுக்கையறைச் சன்னலும் அந்தப் பக்கம் இல்லை. வயர்மேனை மீண்டும் அழைத்துக் கம்பியை நீட்டினேன். வீட்டுக்குள் கூடத்திலும் அம்மாவின் அறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளை மாட்டினேன். சாதாரணப் புகை எச்சரிக்கைக் கருவி அந்த வாயுவை அறியாது, இரண்டும் வேறு. அக்கருவிக்கு ஆயுள் உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

சுடும் முறையும் மாறியது. உள்ளே தாள் இப்போது கிடையாது. தோல் போல் இறுகும் பதத்தில் இரண்டாக வெட்டிக் குடைந்து, மீண்டும் ஒட்டி, அடியில் ஊசித்துளை இடச் சொல்கிறேன். முதல் இரவு 80 பாகை. மறுநாள் மணிக்கு 60 பாகை என்ற அளவில் 600 வரை. அதுவரை பார்வைத் துளையின் கட்டையை எடுத்தே வைத்திருப்பேன், ஆவியும் வாயுவும் போக வேண்டும். 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென விரியும். அந்த எல்லையை ஏறும்போதும் இறங்கும்போதும் விரைவு கூடாது. பிறகு விரைவுபடுத்தலாம். 1,000 பாகையில் முடித்துவிடுவேன். என் மின்மானியில் ஒரு முறை சுடுவதற்கு ஏறத்தாழ 30 அலகு ஓடுகிறது.

தானாக நிறுத்தும் கருவி இருக்கிறதே என்று அதை நம்பிவிட்டு உறங்கப் போகாதீர்கள். மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் ரிலேயின் முனைகள் சில நேரம் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது கருவி "நிறுத்து" என்றாலும் சூளை ஏறிக்கொண்டே போகும். எனக்கு 2018இல் ஒரு முறை அப்படி நடந்தது. முடியும் நேரத்தில் பக்கத்தில் இருந்ததால் ஐசொலேட்டரை அடைத்தேன். இப்போது முடியும் நேரம் பகலில் வருமாறு பார்த்துக்கொள்கிறேன். இடி மின்னல் வரும்போல் இருந்தால் மூட்டுவதே இல்லை. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சில சூளைகள் தாமாகவே மீண்டும் சூடேறத் தொடங்கிவிடும்.

சூளை 100 பாகைக்குக் கீழே இறங்காமல் மூடியைத் திறப்பதில்லை. ஆவலில் சற்றே திறந்து பார்த்து, "டிங்" என்று விரிசல் விழும் ஓசையைக் கேட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பார்வைத் துளைக்குள் பார்ப்பதற்கு நிறமிட்ட பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அந்தச் செந்நிற ஒளியோடு வரும் அகச்சிவப்புக் கதிர் நாளடைவில் கண்ணின் வில்லையைக் கெடுக்கும். பருத்திச் சட்டைதான் அணிய வேண்டும். நைலான் உருகி ஒட்டிக்கொள்ளும். கொட்டகையைத் துடைப்பத்தால் பெருக்குவதில்லை. காய்ந்த மண்தூசியில் சிலிக்கா இருக்கிறது, ஈரத்துணியால்தான் துடைக்கிறேன். கண்ணாடிப் பூச்சுப் பொடிகளில் ஈயம் கலந்தவை இன்றும் கிடைக்கின்றன. பிள்ளைகள் கைபடும் இடத்துக்கு அவை வரவே கூடாது. சூளை ஓடும்போது பிள்ளைகள் கொட்டகைக்குள் வருவதில்லை. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். வெளிச்சுவரே தொட்டால் சுடும்.

கூட்டத்தில் கேட்ட தாயாருக்கு: 3 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறிய சூளைகள் இருக்கின்றன. அவற்றைச் சுவர்ச் செருகியிலேயே போடலாம் என்று விற்பவர் சொல்வார். என்றாலும் தனிக் கம்பி போட்டுக்கொள்ளுங்கள் அம்மா. அடுக்குமாடி வீடென்றால் வேண்டாம். காற்றோட்டமான வெளியிடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதுவரை மகள் செய்பவற்றை என்னிடம் கொடுத்தனுப்புங்கள், சுட்டுத் தருகிறேன். எந்த நாளில் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த நாளைக் குறிப்பது இப்போது என் கையில் இல்லை. அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. கண் சற்று மங்கல், கன்னம் மங்கவில்லை. சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் விளக்குகளைக் கொட்டகைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இருபத்தாறு விளக்குகள். இந்தப் பக்கம் பத்தொன்பது, அந்தப் பக்கம் ஏழு.

"இந்த ஏழும் ஆகலைய்யா. பள்ளிக்கூடத்துல எப்ப கேட்டாங்க?"

"வெள்ளிக்கிழமைம்மா."

"முடியாதுன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, அந்த ஏழையும் காற்று படும் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தார். நான் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.